வெறும் வயிறு

“நேத்து ராத்திரியிலேர்ந்து வயிறு காலியாத்தானே இருக்கு?” நாயின் முன்காலில் மயிரை மழித்துக்கொண்டே கேட்டார் டாக்டர்.

“பச்சைத் தண்ணி பல்லுல படலை டாக்டர்,” என்றாள் மாமியார். “சின்னவன் பசி தாங்க மாட்டான். நான்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு அவன் தட்டையே ஒளிச்சு வெச்சேன்.”

சின்னவன் என்பது நாய். அவள் பெற்ற மூத்தவன், நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடிவயிற்றில் ஒரு கட்டி. மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டும்.

சுவரோரமாக நின்ற மருமகள் மெதுவாகக் கேட்டாள். “தெரியாம ஏதாவது கொஞ்சம் உள்ளே போயிருந்தா என்ன ஆகும் டாக்டர்?”

“மயக்கத்துல வாந்தி வரும்மா. அதுக்கு முழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது. நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா காப்பாத்தறது கஷ்டம்.”

“நல்ல நேரத்துல நல்ல கேள்வி கேட்டே போ!” மாமியார் முறைத்தாள்.

மருமகள் நாயைப் பார்த்தாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளைக் கண்டாலே உறுமுகிற நாய் அது. இன்று காலையில் வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளாமல் போகவே, பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவளிடம் வந்தது. அவள் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது. முதல் தடவையாக!

அவள் உருகிப்போனாள். சாப்பாடுதானே கூடாது, பால் என்ன செய்துவிடப் போகிறது என்று ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டாள். அது நக்கிக் குடித்த அழகைப் பார்த்துப் பூரித்தும் போனாள்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால், ‘பிடிக்காத நாயைத் தீர்த்துக்கட்டப் பார்த்தவள்’ என்று ஆயுசுக்கும் பேச்சுக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால்...

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

“டாக்டர்...” அவள் வாயெடுப்பதற்குள் கதவு தடாலென்று திறந்தது.

“நிறுத்துங்க! ஊசி போட்டுடாதீங்க!”

மாடிவீட்டுக்காரர். காலுக்கு ஒரு விதமாகச் செருப்பு. மூச்சு இரைத்தது. நாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், மாடியிலிருந்து இரண்டு குரல் கொடுக்கிறவர். அதனாலேயே இரண்டு வீட்டுக்கும் ஆகாது.

“இங்கேயும் வந்துட்டீங்களா? இன்னிக்கு அது வாயே திறக்கலையேய்யா!” என்றாள் மாமியார்.

“குரைக்கத் திறக்கலை. குடிக்கத் திறந்துச்சு.” அவர் டாக்டரைப் பார்த்தார். “காலையில பால் குடிச்சிருக்கு டாக்டர். எனக்கும் வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு. மயக்க மருந்துன்னா என்னன்னு தெரியும். இங்கே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வர்றாங்கன்னு, இவங்க கார்ல ஏறும்போதுதான் காதுல விழுந்துச்சு. மாடியிலேர்ந்து கத்தறதுக்குள்ள கார் போயிடுச்சு.”

“பாலா? யார் கொடுத்தது?” என்றான் மூத்தவன்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாடிவீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “நான்தான்.”

அவ்வளவுதான். “பாவி மனுஷா! குரைக்குதுன்னு கொல்லவே துணிஞ்சுட்டீரா?” என்று மாமியார் பிடித்துக்கொண்டாள். மூத்தவன் போலீஸுக்குப் போவேன் என்று குதித்தான்.

“தாராளமாப் போ தம்பி. முதல்ல நாயை வீட்டுல விட்டுட்டுப் போ,” என்றார் அவர்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். “வந்து சொன்னாரே, அதுக்குச் சந்தோஷப்படுங்கம்மா. கட்டி ஒண்ணும் ஓடிப்போயிடாது. நாளைக்கு எடுத்துடலாம். இவனை நிஜமாவே பட்டினியாக் கூட்டிட்டு வாங்க.”

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் சின்னவன் வாலை ஆட்டினான். மருமகளுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மாவும் மகனும் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மருமகள் வாசலில் மாடிவீட்டுக்காரரை எட்டிப் பிடித்தாள்.

“சார், பால் ஊத்தினது நான்.”

“தெரியும்மா. மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“அப்புறம் ஏன் சார் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லு, வேண்டாங்கலை. நாய் பொழைச்சு வந்ததும் சொல்லு.” அவர் ஜோடி மாறிய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவங்க என்னோட பேசாமப் போனா நான் மாடியில நிம்மதியா இருப்பேன். உன்னோட பேசாமப் போனா, நீ அந்த வீட்டுக்குள்ளதானேம்மா இருந்தாகணும்?”