நிற்கிறவனுக்குத் தட்டு

“வாயைத் தொறண்ணா. எனக்காக ஒரே ஒரு வாய்.”

ஊரெல்லாம் கழுகு என்று கூப்பிடும் அந்தக் குத்துச்சண்டைக்காரர், காப்பகத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் சாம்பியன் பட்டத்துக்கான சண்டை. அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று, பத்திரிகையிலிருந்து வந்திருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நடுங்குகிற கையால் கரண்டியைத் தம்பி பக்கமே தள்ளினார்.

“படம் விழுந்துடுச்சாம்மா?” என்று கேட்டார் கழுகு.

“நாலு எடுத்துட்டேன் சார்.”

“அப்ப போதும்.” கரண்டி தட்டில் விழுந்தது, தட்டு மேசைக்குப் போனது. விரலில் ஒட்டியிருந்த பருக்கையை அண்ணனின் போர்வையிலேயே துடைத்துக்கொண்டார்.

“நான் ஊட்டினா சமத்தா சாப்பிடுவாரு சார்” என்றாள் பக்கத்தில் நின்ற ஆயா. “நீங்க வந்தா மட்டும்தான் வாயை இறுக்கிக்கறாரு.”

“இருக்காதா பின்ன? என்கிட்ட வாங்கின அடி அப்படி. இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல.”

மேசையில், தட்டுக்குப் பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. அண்ணனை ஊருக்கு வெளியே இருக்கிற நாற்பது கட்டில் கூடத்துக்கு மாற்றுவதற்கான படிவம். கழுகின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஆயா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அங்க மட்டும் வேண்டாம் சார். நாப்பது பேருக்கு ரெண்டே பேருதான் பாத்துக்கறாங்க. தானா எடுத்துச் சாப்பிடத் தெரியாதவரு. பட்டினி கிடந்தே போயிடுவாரு.”

“நான் வெளிநாட்டுல போய் இருக்கப் போறேன் ஆயா. இவனை யாரு வந்து வந்து பாக்கறது? தோத்தவன் கிடைச்ச இடத்துல கிடக்கணும். எங்க வீட்டுச் சட்டமே அதுதான்.” பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, படிவத்தின் மேல் வைத்தார். “பேட்டி முடியட்டும், போட்டுடறேன்.”

“என்ன சட்டம் சார்?” என்று பத்திரிகைப் பெண் ரெக்கார்டரை நகர்த்தி வைத்தாள்.

“அம்மா செத்ததுக்கப்புறம் எங்கப்பா ஒரே ஒரு தட்டுதான் வைப்பாரு. நாங்க ரெண்டு பேர். ‘மோதுங்கடா. நிக்கறவனுக்குத் தட்டு, விழுந்தவனுக்குத் தண்ணி’ம்பாரு. கதவுல சாஞ்சு நின்னு பாப்பாரு. சும்மா விழுந்து ஏமாத்த முடியாது. நடிச்சா தட்டு நாய்க்குப் போயிடும். நிஜமா அடி விழணும், சத்தம் கேக்கணும்.”

“அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“ஆறு. இவனுக்கு ஒன்பது.”

“மூணு வயசு பெரியவரை எப்படி சார் அடிச்சீங்க?”

கழுகு சிரித்துக்கொண்டே தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். “என்னைக் கழுகுங்கறதே இதுக்குத்தான். எதிராளி அசந்தா எனக்குத் தெரிஞ்சுடும். இவன் ஒரு நொடி வலது கையை இறக்குவான். தாடை அப்படியே தெரியும். விடுவேனா? பத்து வருஷம், தினம் தினம், அதே தப்பு. மாடா இருந்தாக்கூடக் கத்துக்கிட்டிருக்கும்.”

“நீங்க தோத்ததே இல்லையா?”

“ஒரு தடவை கூட இல்ல. ரிங்குல முப்பத்தோரு சண்டை, வீட்டுல எண்ணினதில்ல. தோத்திருந்தா இந்த உடம்பு வந்திருக்குமா? யாரும் எனக்குப் பாவம் பாத்துப் போட்ட சோறு இல்லம்மா இது. நானா ஜெயிச்சது. அப்படியே எழுதுங்க.”

“டாக்டரு கேட்டாரு சார்” என்றாள் ஆயா மெதுவாக. “இவரு தலைக்குள்ள இத்தனை பழைய காயம் எப்படி வந்துச்சுன்னு.”

“சாம்பியன் கைபட்டதுன்னு சொல்லு. ஆட்டோகிராஃப் மாதிரி.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பத்திரிகைப் பெண் கேமராவை எடுத்தாள். “கடைசியா ஒண்ணே ஒண்ணு சார். அந்தக் காலத்துல மாதிரி ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னா நல்லா இருக்கும்.”

“கரண்டி பிடிக்கத் தெரியாதவன் எங்க நிக்கப் போறான்? தூக்கி நிறுத்து ஆயா, பாப்போம்.”

ஆயா கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தினாள். கழுகு விளையாட்டாக முஷ்டியை உயர்த்தினார்.

அண்ணன் அந்த முஷ்டிகளைப் பார்த்தார். மடியில் கிடந்தே பழகிய கைகள் மெல்ல எழுந்தன. நடுக்கம் நின்றது. இடது கை முன்னால் வந்தது, வலது கை தாடையை ஒட்டி நின்றது, முழங்கைகள் விலாவை மூடிக்கொண்டன.

கழுகு தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் போனார். முப்பத்தோரு சண்டையில் இப்படி ஒரு தடுப்பை அவர் பார்த்ததில்லை. ஒரு விரல் நுழைய இடமில்லை.

அண்ணனின் பார்வை மேசைமேல் இருந்த தட்டுக்குப் போனது. அங்கிருந்து தம்பியின் வயிற்றுக்கு வந்தது. பிறகு கதவைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

வலது கை இறங்கியது.

“பாத்தீங்களா, அதே தப்பு...” என்று கழுகு சிரிக்க ஆரம்பித்தார்.

அண்ணன் முகத்தை முன்னால் நீட்டி, கதவுக்குக் கேட்டுவிடாத குரலில் சொன்னார்:

“கையை இறக்கிட்டேன்டா, அப்பா கண்டுபிடிக்கறதுக்குள்ள அடிச்சுட்டுப் போய்ச் சாப்பிடு.”