முப்பை

“ஏம்மா, ‘தொம்மிதி’ன்னா எத்தனை?”

தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு ஆயா நிமிர்ந்தாள். “தெலுங்குல ஒன்பதுண்ணே. எதுக்குக் கேக்கறீங்க?”

“அட பாவி!” பெயின்டர் பக்கத்துக் கட்டிலை மறைத்த திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “நானும் ஒன்பதுதான் தூக்கினேன். ஒண்ணு கூட முந்த விடமாட்டேங்கறானே!”

முப்பது வருஷம் ஏணியில் ஏறி இறங்கியே பெயின்டரின் வலது முட்டி தேய்ந்துபோய், அதை எடுத்துவிட்டு வேறு பொருத்தியிருந்தார்கள். இப்போது மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். சனிக்கிழமை ஒரே மூச்சில் முப்பது தடவை தூக்கிக் காட்டினால் நேரே வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவது கஷ்டம் என்று, தரைத்தளத்தில் இருக்கும் மச்சினன் வீட்டில் ஒரு மாதம் தங்க வைப்பதாகப் பேச்சு. மச்சினனிடம் ஒரு மாதம் புத்திமதி கேட்பதற்கு, இன்னொரு முட்டியையும் அறுத்துக்கொள்ளலாம்.

அவர் காலைத் தூக்க ஆரம்பித்தாலே போதும், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரலும் எண்ண ஆரம்பித்துவிடும்.

“அவருக்கும் முட்டிதாண்ணே. டெய்லர். மிஷினை மிதிச்சே தேஞ்சு போச்சாம். எங்க வீட்டுலயும் தெலுங்குதான் பேசுவோம். வேணும்னா சொல்லித் தரட்டா?”

“சொல்லு சொல்லு. எதிராளி எங்க நிக்கறான்னு தெரியாம எப்படிப் போட்டி போடறது?”

ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு வரைக்கும் வண்டி ஓடியது. எட்டுக்கு எனிமிதி என்றபோது நாக்கு சுளுக்கிக்கொண்டது. பதினொன்றுக்குப் பதகொண்டு என்றதும் மூச்சு வாங்கினார்.

“பன்னெண்டுக்கு?”

“பன்னெண்டேதாண்ணே.”

“அப்பாடா! நடுவுல உக்காந்து இளைப்பாற ஒரு எடம்!”

இருபதுக்கு இரவை, முப்பதுக்கு முப்பை என்று அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது மனைவி சாப்பாட்டோடு வந்தாள். “என் போன் நம்பரை ஒழுங்கா சொல்லத் தெரியாது. இதுல தெலுங்கு வேற!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, குரல் “பதமூடு” வரைக்கும் கூடவே வந்தது. பதினாலாவது தடவை பெயின்டரின் கால் பாதி வழியில் தொப்பென்று விழுந்தது. அந்தப் பக்கமும் பேச்சில்லை.

“பாத்தியா, அவனுக்கும் அவ்ளோதான்!” என்று உற்சாகமாக மறுபடி தூக்கினார்.

“பத்னாலுகு” என்றது குரல்.

“அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டே வர்றாம்மா! ஒண்ணே ஒண்ணு கூடத் தூக்கியாவது அவன் மூக்கை உடைக்கணும்.”

“உடைங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ஆயா சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை வலி தாங்காமல் இருபத்து மூன்றில் நிறுத்தினார். “இரவை மூடு” என்று குரலும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு பெண் விசும்புவது கேட்டது. இதற்கெல்லாமா அழுவார்கள் என்று பெயின்டர் நினைத்துக்கொண்டார். ஆனால் மறுநாளை நினைத்தபோது அவருக்கும் அழுகைதான் வந்தது.

சனிக்கிழமை காலை, பயிற்சி கொடுக்கிற பெண் குறிப்பேட்டோடு கட்டில் பக்கம் வந்து நின்றாள். இருபத்தைந்தில் பெயின்டரின் தொடை நடுங்க ஆரம்பித்தது. “இரவை ஐது” என்று திரைக்கு அந்தப் பக்கம் குரல் உரக்க வந்தது. அது மட்டும் கேட்காமலிருந்தால் அவர் அதோடு விட்டிருப்பார். இவனிடமா தோற்பது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கால் இன்னொரு தடவை மேலே போனது.

“முப்பை!” என்று அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

“நீங்க வீட்டுக்குப் போகலாம் சார்” என்றாள் பயிற்சிப் பெண்.

பெயின்டர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், நர்ஸ் ஒருத்தி காகிதமும் பேனாவுமாகத் திரைக்கு அந்தப் பக்கம் ஓடினாள். அவர் முகம் சுருங்கிப்போனது.

“கடைசி வரைக்கும் சமமா வந்துட்டானே! அவனுக்கும் இன்னிக்கே டிஸ்சார்ஜா?”

“டிஸ்சார்ஜா? அவருக்கு இன்னும் ஆபரேஷனே ஆகலைண்ணே” என்றாள் ஆயா. “பயத்துல ஒரு வாரமா கையெழுத்துப் போடாம, திரைல விழற உங்க கால் நிழலைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தாரு. அது முப்பது தொட்டாத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பேன்னு பொண்டாட்டிகிட்ட ஒரே பிடிவாதம்!”