நாற்பது நாள் நடுக்கடல்

கேப்டன் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. அதை இன்றைக்கு வாங்காமல் திரும்புவதில்லை என்று படகுத் துறை மேடையில் வந்து நின்றான் பெயிண்டர். நாளைக் காலையில் படகு கைமாறுகிறது என்று வாட்ச்மேன் காதில் போட்டிருந்தான். கைமாறிவிட்டால் அந்தக் காசைக் கனவில்தான் எண்ண வேண்டும்.

வீட்டு வாடகை மூன்று மாதமாக நிற்கிறது. "வெறுங்கையோட வந்தீங்கன்னா, இன்னிக்குப் பெயிண்ட் டப்பாவத்தான் அடுப்புல ஏத்துவேன்" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

வரிசையில் கடைசியாகக் கட்டிக் கிடந்தது அந்தப் படகு. அதற்கு அப்பால் தண்ணீரும் நாணல் புதரும்தான். டிராலர் என்பார்கள். பார்த்தால் மீன்பிடிப் படகு மாதிரி இருக்கும். ஒரு மீனையும் பிடிக்காது. உள்ளே கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் உண்டு. காசுள்ளவர்கள் வீட்டையே கடலில் நிதானமாக ஓட்டிக்கொண்டு போவதற்காகச் செய்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அதற்கு நீலம் அடித்தவன் இவன். கூலியில் பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு. கரையேற்றினால் கிரேன் வாடகை ஆகும் என்று, கட்டிய இடத்திலேயே அடிக்கச் சொல்லிவிட்டார் கேப்டன். பெயிண்டருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே தலை சுற்றும். இந்த மேடையில் குந்தி உட்கார்ந்தபடியே, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நாலே நாளில் வேலையை முடித்தான்.

அதற்குப் பிறகு எப்போது போன் போட்டாலும் ஒரே பதில்தான். "நடுக்கடல்ல இருக்கேம்பா. வந்து பேசறேன்." பின்னால் வெங்காயம் விற்கிறவன் குரல் கேட்கும்.

இன்றைக்குக் கேப்டன் வெள்ளைத் தொப்பியோடு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே படகு மாத இதழிலிருந்து வந்த நிருபர் பெண். நடுவில் மேசைமேல் அவளுடைய ரெக்கார்டர் சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பது நாள், பன்னெண்டு தீவும்மா. ஒவ்வொரு அலையும் மூணு மாடி உசரம். ஸ்டியரிங்க விட்டுக் கையே எடுக்கல."

"அப்ப சாப்பாடு சார்?"

"ஒரு கையால சாப்பிட்டேன்."

"சமையல்?"

"அதுவும் ஒரு கைதான்."

கீழே நின்ற பெயிண்டர் அண்ணாந்து பார்த்தான். மனிதர் நிஜமாகவே போய் வந்துவிட்டாரா? குனிந்து கட்டுக்கயிற்றைப் பார்த்தான். பச்சைப் பாசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கயிற்றுக்கும் படகுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னி, பிள்ளைகுட்டியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

"வணக்கம் சார். அந்தப் பாக்கி..."

"அட, பெயிண்டரா! பேட்டி நடக்குதில்ல? அப்புறமா வாப்பா."

"வர்றேன் சார். மேடம், போட்டோ புடிக்கறப்ப இந்தக் கயிறு தெரியாமப் பாத்துக்குங்க. ஒரே பாசி, சிலந்தி. நாப்பது நாளா அவுக்கவே இல்லையோன்னு யாராச்சும் தப்பா..."

கேப்டனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே உள்ளே போனவர், இருமல் நிற்பதற்குள் ஒரு கவரோடு வெளியே வந்தார்.

"எண்ணிக்கோ. நான் யாருக்கும் பாக்கி வைக்கற ஆளில்ல."

பெயிண்டர் எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினான். பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

காசு போன வயிற்றெரிச்சலைப் பெருமையாக மாற்றிக்கொள்ளப் பார்த்தார் கேப்டன். "எழுதிக்கம்மா. இந்த நீலம் இவன் அடிச்சதுதான். அந்தப் புயல்லயும் ஒரு கீறல் இல்ல! தெனம் காலைல சின்னப் படகுல எறங்கி, ஒரு சுத்து முழுசாச் சுத்திப் பாத்துட்டுத்தான் எனக்குக் காப்பியே."

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப நான் கெளம்பறேன் சார்."

"இருங்கண்ணே, உங்களையும் ஒரு படம் எடுக்கறேன்" என்றாள் நிருபர்.

"என் மூஞ்சி எதுக்கு மேடம்? பத்திரிகை விக்காமப் போயிரும்."

அவள் சிரித்துவிட்டுக் கேமராவை எடுத்தாள். "சரி, அட்டைக்கு ஒரு படம் வேணும். தண்ணிப் பக்கத்துலேர்ந்து எடுத்தா அழகா இருக்கும். வாட்ச்மேன் அண்ணே, அந்தத் துடுப்புப் படகுல ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போறீங்களா?"

பெயிண்டர் நடையைக் கூட்டினான். கிட்டத்தட்ட ஓட்டம். மேடையின் பாதி தூரம் போவதற்குள் செருப்பு வார் அறுந்தது. குனிந்து அதைக் கையில் எடுக்கும்போது, படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கேப்டன் சார்! இந்தப் பக்கம் பெயிண்டே அடிக்கலையே! பழைய வெள்ளை உரிஞ்சு தொங்குது! தெனம் சுத்திப் பாத்தேன்னீங்களே?"

கேப்டன் மெதுவாகத் திரும்பினார். பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் செருப்பை ஒரு கையிலும் கவரை மறு கையிலும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். கேப்டன் வாயைத் திறந்தார். மேசைமேல் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வாயை மூடினார்.

பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"நான்தாம்மா... ஒரு பக்கம் போதும்னு சொன்னேன்!"