மூன்றிலும் ஒரே குறை

"போச்சு, மறுபடியும் மோதியாச்சு" என்றார் வேன் மாமா. காலையிலிருந்து இது ஒன்பதாவது விபத்து. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இடது பக்கத்திலிருந்து வந்த சிவப்புக் கார் நடு ரோட்டில் தலைகீழாகக் கிடந்தது. இரண்டே விநாடி, தானாக எழுந்து தன் வழியே போய்விட்டது. வீடியோ கேமில் அது ஒரு வசதி, மோதியவனுக்கும் காயமில்லை, மோதப்பட்டவனுக்கும் காயமில்லை.

வேன் மாமா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். லீவு விட்டால் மட்டும், பழைய பாணியில் வரும் கார் ரேஸ் கேம்களை ஆடிப் பார்த்து, எது தேவலை என்று வீடியோ போடுவார். பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர் வேனில் வரும் பதினோரு பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாக்களும்தான்.

இந்த லீவுக்கு மூன்று கேம். மூன்றும் ஒரு வயிற்றில் பிறந்தவை மாதிரி இருந்தன. அதே கட்டம் கட்டமான படம், அதே ஆரஞ்சு நிறச் சூரியன், மேலே அதேபோல் குறைந்துகொண்டே வரும் நேரம். ஒன்றில் கடற்கரை, ஒன்றில் மலை, ஒன்றில் மழை என்பதுதான் வித்தியாசம்.

முன்பெல்லாம் அந்த இசையைக் கேட்டாலே அவருக்குக் கால் துடிக்கும். இந்தத் தடவை ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

போன் கூவியது. வேனில் வரும் மூன்றாம் வகுப்புக்காரியின் குரல். "வேன் மாமா, நாளைக்கு ஸ்கூல் திறக்குது. என்னைத்தான் முதல்ல ஏத்தணும், மறந்துடாதீங்க!"

அதற்கு மட்டும் அவர் உதடு லேசாக விரிந்தது. அந்தப் பதினோரு பேர் இல்லாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது.

பின்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, "தீர்ப்பைச் சொல்லுங்க. இன்னைக்கே வீடியோ போட்டுடலாம், நாளையிலேருந்து உங்களைப் பிடிக்க முடியாது" என்றாள்.

"காபி கேட்டு எவ்வளவு நேரமாச்சு? அதைக் குடு முதல்ல."

"வச்சே அரை மணி நேரம் ஆச்சு. முழங்கைக்குப் பக்கத்துல பாருங்க. அந்தப் பக்கம் இல்லை, இடது பக்கம்."

திரும்பிப் பார்த்தார். காபி ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. "சத்தமே இல்லாம வச்சிட்டுப் போனா எப்படித் தெரியும்?"

"அடுத்த தடவை மேளம் கொட்டிக் கொண்டு வர்றேன். கேம் முன்னால உக்காந்தா உங்களுக்கு வீடு இருக்கறதே தெரியறதில்லை."

ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நோட்டைப் பிரித்தார்.

"கடற்கரையில வண்டி வழுக்குது, ஆனா சொன்ன பேச்சு கேக்குது. மலையில பிரேக்னு ஒண்ணு பேருக்குத்தான். மழையில பாட்டு பிரமாதம், ரோடு தூங்குது. இதெல்லாம் பொறுத்துக்கலாம். ஆனா மூணுலயும் ஒரே குறை."

"என்ன?"

"எதிர்ல வர்ற வண்டி ஒழுங்கா வருது. வலது பக்கமும் ஒழுங்கா வருது. இடது பக்கத்து வண்டி மட்டும் வானத்துலேருந்து குதிச்ச மாதிரி திடீர்னு வந்து நிக்குது. ஒருத்தன் பண்ணின தப்பை மத்த ரெண்டு பேரும் அப்படியே பாத்து எழுதியிருக்காங்க."

"மூணு பேருமா ஒரே தப்பைப் பண்ணுவாங்க?"

"பரீட்சையில காப்பி அடிக்கிறவன் அப்படித்தானே மாட்டுவான்? மூணுக்கும் முட்டை. எழுதிக்க."

அவள் எழுதவில்லை. போனில் பிடித்த படத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். மழை, மலை, கடற்கரை என்று மூன்றையும் பார்த்தாள். மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"ஏங்க, போன மாசம் ஸ்கூல் கேட்ல வேன் உரசுச்சே. எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். வாட்ச்மேன் கேட்டைப் பாதி மூடி வச்சிருந்தான்னு அப்பவே சொன்னேன்ல? இப்ப எதுக்கு அது?"

அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. "கேமை நிறுத்தி வைங்க. நடுவுல அந்தச் சூரியனையே பாருங்க. நான் சொல்ற வரைக்கும் தலையையும் திருப்பக் கூடாது, கண்ணையும் திருப்பக் கூடாது."

"என்ன விளையாட்டு இது? டயருக்குக் காத்து பாக்கணும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு முதல் பிள்ளை வந்து நிக்கும்."

"ஒரே நிமிஷம்தாங்க."

சரி, இதையும் பார்த்துவிடலாம் என்று சூரியனைப் பார்த்தார். நின்றுபோன ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. அவளுடைய குரல் இடது காதுக்கு வெகு பக்கத்தில் கேட்டது. அது ஏன் நடுங்குகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"என் கையில எத்தனை விரல்?"

"கையைத் தூக்கினாத்தானே எண்ண முடியும்? தூக்கு முதல்ல."

"தூக்கித்தாங்க வச்சிருக்கேன்."