கண்ணாடி ஏற்றிய கார்

செக்கானூரணி தாண்டியதும் நல்லகாமன் கார்க் கதவின் கண்ணாடியை மேலே ஏற்றினான்.

பின்சீட்டில் இருந்த அன்னக்கொடிக்குப் பகீரென்றது.

மணி பன்னிரண்டு. கத்திரி வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது. இந்த நேரத்தில் மூளையுள்ள எவனும் அம்பாசிடர் காரில் கண்ணாடியை ஏற்றமாட்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் சார்ஜாவுக்குப் போன புருஷன், நான்கு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் மதுரை ஜங்ஷனில் வந்து இறங்கியிருக்கிறான். சார்ஜாவில் ஓடுவதெல்லாம் ஏசி கார், கண்ணாடியை இறக்கினால் குளிர் போய்விடும் என்பது உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகன் வரைக்கும் தெரிந்த சங்கதி.

அவன் எழுதிய கடுதாசியிலும் அப்படித்தான் இருந்தது. 'நாள் முழுக்க எனக்கு இங்கே மார்கழிதான். உடம்பும் அதற்கே பழகிவிட்டது.'

அதைப் படித்த அன்றைக்கு அன்னக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. மார்கழிக்குப் பழகின உடம்பு நம்ம ஊர் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? வந்த வழியே ஓடித்தானே போகும்?

அதனால்தான் ஒரு வாரமாகப் பெரியப்பா மகன் சங்கிலியையும் அவனுடைய வாடகைக் காரையும் பாடாய்ப் படுத்தியிருந்தாள்.

முன்கதவில் இருக்கிற சின்ன முக்கோணக் கண்ணாடி துருவேறி இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு விட்டு அதை அசைய வைத்தாள். அதை முழுக்கத் திருப்பி வைத்தால் வெளிக்காற்று வளைந்து வந்து நேரே முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் சூடு காலுக்கு ஏறாமல் இருக்க, கீழே சாக்கை மடித்துப் பரப்பினாள். பின் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினாள். அதை நனைக்க ஒரு குடம் தண்ணீரையும் காரில் ஏற்றினாள். சங்கிலி தலையில் அடித்துக்கொண்டான்.

சார்ஜா மாப்பிள்ளையை அழைக்கப் போகிறோம் என்று சொந்தபந்தம் பதினொரு பேர் விடிகாலையிலேயே காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் அடைத்தால் காற்றுக்கு இடம் ஏது என்று சண்டை போட்டு அத்தனை பேரையும் இறக்கிவிட்டாள். புருஷனை அழைக்கப் பொம்பளை தனியாகப் போவாளா என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்டேஷன் வாசலில் அவன் பின்கதவைத்தான் திறந்தான், அவள் பக்கத்தில் உட்கார. முன்னாடிதான் காற்று நன்றாக வரும் என்று சொல்லி அவனை முன்சீட்டுக்கு அனுப்பினதும் அவள்தான். நான்கு வருஷமாகக் கனவில் பார்த்த முகத்துக்குப் பதிலாக இவ்வளவு தூரமும் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் ஊரோடு இருந்துவிட்டால் அதுவே போதும்.

இப்போது அந்த முக்கோணக் கண்ணாடியையும் அவன் இழுத்துச் சாத்தினான்.

"மாப்ள, இது ஏசி வண்டி இல்ல. தெறந்து விடுங்க, வெந்துருவோம்" என்றான் சங்கிலி.

நல்லகாமன் திறக்கவில்லை. சட்டையில் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினான். பிடரியில் வேர்வை துளிர்த்து முதுகுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை. வெந்நீரில் குளிக்கிறவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான்.

"நம்மள யாரு ஏசி கார்ல ஏத்துறா? மீனு வைக்கிற ஐஸ் ரூமுக்குள்ள பெட்டி தூக்குற வேல. விடிய உள்ள போனா, பொழுது சாஞ்சுதான் வெளிய வருவேன்."

சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினான். அன்னக்கொடி பிடித்துப் பார்த்தாள். அத்தனை வெயிலிலும் விரல் நுனி சில்லென்று இருந்தது. இரண்டு நகம் கறுத்துச் செத்துப்போயிருந்தது.

அந்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். செத்த நகத்தைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தாள். ஆனால் பொய் சொல்வானேன், அந்த வேதனைக்கு நடுவிலேயே சந்தோஷமும் பொங்கிக்கொண்டு வந்தது. குளிரில் இவ்வளவு பட்டவன், வெயிலுக்கு இப்படி ஏங்கிப்போனவன், இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

ஒரு கையால் அவன் விரலைப் பிடித்தபடியே, மறுகையால் வெட்டிவேர்த் தட்டியை அவிழ்த்துக் கீழே போட்டாள். தன் பக்கத்துக் கண்ணாடியையும் கடகடவென்று ஏற்றினாள்.

கார் அடுப்பாகிவிட்டது. அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் புள்ள லீவு குடுத்தாங்க" என்றான் நல்லகாமன், கண்ணைத் திறக்காமலேயே. "நாப்பது நாளு. அதுக்குள்ள இந்தச் சூட்ட எம்புட்டு முடியுமோ அம்புட்டையும் ஒடம்புல ஏத்திக்கிறணும்."

ஒரு புளியமரம் போயிற்று. இன்னொரு புளியமரம் போயிற்று.

அவன் விரலை அவள் விடவில்லை.

"அண்ணே, மெதுவாவே போங்க. வெரசாப் போனா எங்குட்டுக் கூடியாச்சும் காத்து உள்ள வந்துரும்."

சங்கிலி தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் அவள் முகத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு தன் பக்கத்து ஜன்னலையும் ஏற்றிவிட்டு, கியரைக் குறைத்தான்.