வழிக்காத தலை

பெற்ற தகப்பன் பெட்டியில் கிடக்க, கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் "தலையை வழிக்க மாட்டன்" என்று நின்றால், நீங்கள் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

லண்டனில், குட்மேய்ஸில் அந்த வீட்டுக்கு வந்த சனம் முழுவதும் அதைத்தான் நினைத்தது. அந்த மூத்த மகன் சிறி அண்ணையின் தங்கை தவமலர் வாய்விட்டே சொன்னாள்.

பெட்டி வீட்டுக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம். அப்டன் பார்க்கில் சலூன் வைத்திருக்கிற முருகேசன், மிசினோடு வந்து பின்வளவில் கதிரையும் போட்டுவிட்டார். சிறி அண்ணை மீசையை எடுக்கக் கொடுத்தார். தாடியையும் கொடுத்தார். மிசின் தலைக்கு ஏறினதும் கையால் மறித்துவிட்டார்.

அந்தத் தலையில் இருந்ததும் என்ன, பெரிய காடா? நடுவில் வெட்டவெளி, சுற்றிவர ஒரு வேலி. உச்சியில் மட்டும் ஒரு காசளவு இடத்தில் பூனைமயிர் போலக் கொஞ்சம் முளைத்திருந்தது.

அது தானாக முளைத்ததில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு புது வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். பிடரியில் துளித் தோல் வெட்டி, மயிர்வேரில் உள்ள உயிர்க்கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி, ஊசியால் உச்சியில் ஏற்றுவது. சிறி அண்ணை ஷிப்டை மாற்றி மாற்றி அதற்குப் போய்வந்தார். ஐம்பது வயதில் மாப்பிள்ளை வேஷம் கேட்குது என்று சொந்தம் முழுக்கச் சிரித்தது.

அடுத்த கிழமை அந்த மயிரை அளக்கப் போகிறார்களாம். அதுவரை கத்தி படக்கூடாதாம்.

மீசை எடுத்ததே போதும், லண்டனில் இப்போது அப்படித்தான் நடக்கிறது என்று ஐயர் இறங்கி வந்தார். தவமலர் இறங்கவில்லை. மொட்டை அடித்து முறைப்படி அனுப்பவேணும் என்று அப்பா கடைசியாகக் கேட்டது அவளிடம்தான்.

"அப்பாவை விட உங்களுக்கு அந்த நாலு மயிர் பெரிசோ, அண்ணை?"

அவர் தோளில் விழுந்திருந்த தாடிமயிரைத் தட்டிவிட்டார்.

"என்ர பிள்ளை பிரசாந்தினியைப் பாருங்கோ. எண்ணெய்ச் சட்டி கவிண்டு உச்சி பொசுங்கின நாளிலயிருந்து ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போறாள். அந்தத் தழும்பில இனி ஒண்டும் முளைக்காதெண்டு தெரிஞ்சும் முகம் சுழிச்சதில்லை. நீங்கள் ஒரு ஆம்பிளை."

சிறி அண்ணை மருமகளை ஒருக்கால் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

அவருடைய மனுசி சிவனேஸ்வரிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தவமலரைக் குசினிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர், மச்சாள். இனியும் மறைக்க ஏலாது. அவருக்கு எங்க முடியில ஆசை? முதல்ல வழுக்கைத் தலையில சரிவந்தால்தான், அடுத்ததா எரிஞ்ச தழும்பில செய்து பாப்பினமாம். அந்த முதல் சோதனைக்கே ஆள் போதாமல் நிண்டவை. பிள்ளைக்காகத்தான் போனவர். சரிவராட்டில் நீங்கள் இன்னொருக்கா உடைஞ்சு போவியளெண்டுதான் உங்களுக்குச் சொல்லேல்ல. இண்டைக்கு வழிச்சால் அவரைக் கணக்கில எடுக்கமாட்டினம்."

தவமலர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கொண்டையை அவிழ்த்தபடி பின்வளவுக்கு வந்து, அண்ணையின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, அந்தக் கதிரையில் தானே ஏறி இருந்தாள். மயிர் இடுப்பு வரைக்கும் விழுந்தது.

"முருகேசண்ணை, அப்பா கேட்ட மொட்டையை எனக்கு அடிச்சு விடுங்கோ."