கிழக்கு பார்த்து

சாலையை அகலப்படுத்துவதற்காக, நாற்சந்திப் பிள்ளையாரையும் பக்கத்திலிருந்த ‘கடவுள் இல்லை’ கல்வெட்டையும் அன்று காலை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் முப்பது வருடமாக அக்கம்பக்கம். அங்கே பூ விற்கும் பூங்காவனம் பிள்ளையாருக்குக் கோலம் போடும்போது, கல்வெட்டின் முன்னாலும் இரண்டு இழை இழுத்துவிடுவாள். முதலில் கல்வெட்டு லாரியில் ஏறியது. எழுத்து உரசிவிடாமல் அதற்குத் தன் பூச்சாக்கைச் சுற்றிக் கட்டியதும் அவள்தான்.

பிள்ளையாரை மட்டும் யாரும் தொடவில்லை. இருக்கிற சாமியைப் பெயர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று டிரைவர்கூட ஒதுங்கிக்கொண்டார்.

கல்வெட்டை நட்ட வெற்றியழகன் கறுப்புச் சட்டையில் நின்றிருந்தார். பூங்காவனம் அவரிடம் போனாள்.

“நீங்க தூக்குங்கண்ணே. உங்களுக்குன்னா ஒண்ணும் ஆவாது.”

அவர் செருப்பைக் கழற்றினார். சட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு அப்ப, பிள்ளையாரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினார். கல்வெட்டுக்குப் பக்கத்தில் இறக்கப் போனவர் நிமிர்ந்தார். “எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்மா?”

“கிழக்கு பாத்துண்ணே.”

வானம் மூடியிருந்தது. பிள்ளையாரை இறக்காமலே, அவர் அண்ணாந்து சூரியனைத் தேடினார்.